வாக்குக்கு அஞ்சிய பிரபு

விக்டோரியா காலத்து இங்கிலாந்துப் பிரதமர்களில் சாலிஸ்பரி பிரபுவுக்கு வாய்த்த புகழ் சற்று விசித்திரமானது. கிளாட்ஸ்டன் என்றால் ஐரிஷ் சுயாட்சி மசோதா, டிஸ்ரேலி என்றால் சூயஸ் கால்வாய்ப் பங்குகள் என்று ஏதாவது ஒரு காரியம் நினைவுக்கு வரும். சாலிஸ்பரி என்றால் நினைவுக்கு வருவது நிதானம்தான். மூன்று முறை பிரதமராகி, ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆட்சி செய்தவர். லிவர்பூல் பிரபுவுக்குப் பிறகு அத்தனை காலம் அந்தப் பதவியில் இருந்தவர் இன்றுவரை எவருமில்லை. பதவிக்காலம் முழுவதும் பிரபுக்கள் சபையில் அமர்ந்தபடியே அரசாங்கத்தை நடத்திய கடைசிப் பிரதமரும் அவரே. அவரைப் போற்றும் வரலாற்றாசிரியர்கள் அவருடைய செயலின்மையை ஒரு கலையாகவே காண்கிறார்கள்: எங்கே தலையிடக் கூடாது என்று தெரிந்தவர், காலம் தானாகத் தீர்க்கும் சிக்கலில் கை வைக்காதவர் என்கிறார்கள். இந்தப் பாராட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியை அது கேட்பதே இல்லை. அவர் எப்போதும் சும்மா இருந்தவர் அல்லர். சில இடங்களில் மிக விரைவாக அசைந்திருக்கிறார். எங்கே அசைந்தார், எங்கே காத்திருந்தார் என்று அவர் வாழ்க்கையை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு முரண் துலங்குகிறது. வாக்குரிமை விரிவதை வாழ்நாள் முழுவதும் அஞ்சியவர் அவர். அவரைப் பிறருக்காகக் காரியம் செய்ய வைத்ததோ பெரும்பாலும் அந்த வாக்குதான். வாக்கு இருந்த இடத்தில் இறங்கி வந்தார். இல்லாத இடத்தில், மனச்சாட்சி உறுத்தியபோதும், காத்திருந்தார்.

ராபர்ட் செசில் 1830 பிப்ரவரி 3 அன்று ஹாட்ஃபீல்டு மாளிகையில் பிறந்தார். முதலாம் எலிசபெத் ராணியின் தலைமை அமைச்சராக விளங்கிய பர்லி பிரபுவின் வழிவந்த குடும்பம். மாளிகையே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்லியின் மகன் கட்டியது. செல்வத்துக்குக் குறைவில்லை, ஆனால் குழந்தைப் பருவம் இருண்டது. ஒன்பது வயதில் தாயை இழந்தார். ஈட்டன் பள்ளியில் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் 15 வயதில் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளப்பட்டார். கூட்டத்தின் மீது அவருக்கிருந்த அவநம்பிக்கை அந்த விடுதியில்தான் முளைத்தது என்று சொல்லும் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. மனோதத்துவத்தை அவ்வளவு தூரம் இழுப்பது அவசியமில்லை. அவருடைய அரசியல் நுழைவே போதுமான விளக்கம் தருகிறது. 1853-ல் ஸ்டாம்ஃபோர்டு தொகுதியிலிருந்து மக்கள் சபைக்குப் போனார். செல்வாக்குள்ள உறவினரின் பிடியில் இருந்த தொகுதி அது. அடுத்த 15 ஆண்டுகளில் ஒரு முறைகூட அங்கே அவரை எதிர்த்து எவரும் நிற்கவில்லை. ஜனநாயகத்தைப் பற்றி அந்த நூற்றாண்டில் மிகக் கூர்மையாக எழுதிய கன்சர்வேடிவ் அரசியல்வாதி, தனக்காக ஒரு வாக்கும் கேட்க வேண்டிய நிலைக்கு வராதவர்.

கூர்மையாக எழுதியவர் என்பது மிகையில்லை. 1857-ல் நீதிபதி ஆல்டர்சனின் மகள் ஜார்ஜினாவைத் தன் தந்தையின் விருப்பத்தை மீறி மணந்துகொண்டார். இளைய மகனுக்கு வரும்படி குறைவு என்பதால் பேனாவை நம்பிக் குடும்பம் நடத்தினார். ‘சாட்டர்டே ரிவ்யூ’ வார இதழில் மட்டும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள், ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’வில் நீண்ட ஆய்வுகள் என்று எழுதிக் குவித்தார். அவற்றின் சாரம் எளியது. அரசியல் என்பது உடைமை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான போட்டி. இல்லாதவர்கள் எண்ணிக்கையில் அதிகம். தலைக்கு ஒரு வாக்கு என்று வந்துவிட்டால் பெரும்பான்மை சிறுபான்மையின் பணப்பையில் கை வைக்கும். 1865-ல் பார்வை குன்றி நலிந்திருந்த அண்ணன் இறந்துபோக, பட்டத்துக்கு வாரிசாகி கிரான்பர்ன் கோமகன் ஆனார். அடுத்த ஆண்டு டெர்பி பிரபுவின் அமைச்சரவையில் இந்தியா மந்திரி. 1867-ல் டிஸ்ரேலி வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தபோது, கிரான்பர்ன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தொகுதிவாரியான புள்ளிவிவரங்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். செல்வர்களுக்குக் காப்பு என்று சொல்லப்பட்ட ஏற்பாடுகள் சிறு நகரங்களில் பயனற்றவை என்று தெரிந்தது. பதவியைத் தூக்கி எறிந்தார். மசோதா நிறைவேறியது. வாக்காளர் தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. நகரத் தொழிலாளி வாக்காளரானார். தன் கட்சி சரணடைந்துவிட்டது என்று அதே ஆண்டு அவர் எழுதிய கட்டுரை, கட்சித் தலைமைக்கு எதிராக ஒரு கட்சிக்காரர் எழுதிய மிகக் கடுமையான குற்றப்பத்திரிகைகளுள் ஒன்று.

இந்தப் பதவித் துறப்பு ஒரு கொள்கை வீரரின் செயலாகவே எப்போதும் சொல்லப்படுகிறது. அது சரியும்கூட. ஆனால் அந்த எட்டு மாதப் பதவிக்காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1865 இலையுதிர் காலத்தில் ஒரிசாவில் மழை முன்கூட்டியே நின்றுபோய் நெல் பொய்த்தது. நல்ல சாலையோ துறைமுகமோ இல்லாத கடற்கரைப் பகுதி அது. வெளியிலிருந்து அரிசி கொண்டுவர அனுமதி கேட்ட ஆணையர் ரேவன்ஷாவுக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த பதில், அரசு தானிய வியாபாரத்தில் இறங்காது என்பது. விலை ஏறினால் வணிகர்கள் தாமே அரிசி கொண்டுவருவார்கள் என்பது பொருளாதாரப் பாடநூலின் நம்பிக்கை. வணிகர்கள் வரவில்லை. 1866 ஜூலையில் கிரான்பர்ன் பதவியேற்ற முதல் வாரத்திலேயே லண்டனில் அவருக்கு எச்சரிக்கை வந்தது. துறை அதிகாரிகள் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள், அவர் நம்பினார். இரண்டு மாதம் தான் எதுவும் செய்யவில்லை என்றும், அதற்குள் பருவமழை ஒரிசாவின் துறைமுகங்களை மூடிவிட்டது என்றும், பத்து லட்சம் பேர் இறந்ததாகச் சொல்லப்படும் அந்த முடிவில் தனக்குப் பழியே இல்லை என்று ஒருபோதும் உணர முடிந்ததில்லை என்றும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் அமைச்சர்கள் இந்தியாவைப் பற்றி இப்படிப் பேசியது அபூர்வம்.

1867 ஆகஸ்ட் 2 அன்று மக்கள் சபையில் ஒரிசா விவாதத்துக்கு வந்தபோது அவர் பதவியில் இல்லை. அரசு வெளியிட்ட அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கிழித்தெறிந்தார். கனவில் நடப்பவர்களைப் போல நடந்துகொண்டார்கள் என்றார். அரசியல் பொருளாதாரத்தைக் குலதெய்வமாக்கி வழிபட்டார்கள், மனிதன் சில நாளுக்கு மேல் உணவின்றி உயிரோடு இருக்க மாட்டான் என்பதை மறந்தார்கள், பணம் வீணாகும் அபாயத்தைவிட உயிர் போகும் அபாயத்தைத் தேர்ந்துகொண்டார்கள் என்றார். இரு தரப்பும் ஆரவாரம் செய்ய, தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் எதிர்வரிசையிலிருந்து நடந்து வந்து கைகுலுக்கினார். ஹாட்ஃபீல்டு மாளிகையின் அந்த ஆண்டுகளுக்கான குடும்பப் புகைப்படத் தொகுப்பில், உறவினர் படங்களுக்கு நடுவே, எலும்பும் தோலுமான இந்தியக் குழந்தைகளின் இரண்டு படங்களும் இருக்கின்றன. ஆகவே இந்த மனிதருக்கு இரக்கமில்லை என்று சொல்பவர்கள் சுலபமான வழியில் போகிறார்கள். வருத்தம் உண்மையானது. கவனிக்க வேண்டியது, அவர் இதிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொண்டார் என்பதுதான். நிபுணர்களை நம்பாதே என்பது அவர் எடுத்துக்கொண்ட பாடம். மேலதிகாரியைத் திருப்திப்படுத்தினால் கடமை முடிந்தது என்று நினைத்த அதிகாரிகளைச் சாடினார். ஆனால் அந்த அதிகாரிகளுக்குக் கீழே இருந்தவர்களிடம் அவர்களைத் தட்டிக் கேட்க ஒரு கருவியும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால், ஐந்து மாதம் முன்பு எதை எதிர்த்துப் பதவி விலகினாரோ அதன் பக்கமே வாதம் போய்ச் சேர்ந்திருக்கும்.

1868-ல் தந்தை இறக்க, மூன்றாவது சாலிஸ்பரி மார்க்விஸ் ஆகிப் பிரபுக்கள் சபைக்குப் போனார். இடைப்பட்ட ஆண்டுகளில் கிரேட் ஈஸ்டர்ன் ரயில் கம்பெனிக்குத் தலைவர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக வேந்தர், வீட்டுச் சோதனைச்சாலையில் மின்சார ஆராய்ச்சி. (மாளிகைக்கு மிக முன்னதாகவே மின்விளக்குப் போட்டவர். மேற்கூரைக் கம்பிகள் தீப்பிடித்தால் விருந்தினர்கள் மெத்தைத் தலையணையை எறிந்து அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்களாம்.) 1874-ல் டிஸ்ரேலியின் அமைச்சரவையில் மீண்டும் இந்தியா மந்திரி ஆனார். இரண்டாவது வாய்ப்பு; ஒரிசா ஆறாத புண்ணாக இருந்த நேரம். அப்போது பீகாரில் வறட்சி. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி வரவழைக்கப்பட்டது. நிவாரணத்துக்குப் பொறுப்பேற்ற ரிச்சர்டு டெம்பிள் தாராளமாகச் செலவிட்டார். சாவு மிகக் குறைவு. சாலிஸ்பரி செலவுக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஆபத்து கடந்ததும் லண்டனிலும் கல்கத்தாவிலும் எழுந்த பேச்சு, பணம் வீணடிக்கப்பட்டது என்பதே. பிழைத்தவர்கள் தரப்பில் பேச எவரும் இல்லை.

1875-ல் அவர் எழுதிய ஒரு குறிப்பு பின்னாளில் இந்திய தேசியவாதிகளிடையே மிகப் பிரபலமானது. இந்தியாவின் ரத்தத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ரத்தம் மிகுந்திருக்கும் இடத்தில் கத்தி வைக்க வேண்டும், ஏற்கெனவே சோகை பிடித்த இடத்தில் அல்ல என்பது அதன் கருத்து. தாதாபாய் நௌரோஜி இதைச் சுரண்டலின் ஒப்புதல் வாக்குமூலமாக மேடைதோறும் காட்டினார். முழுக் குறிப்பையும் படித்தால் அவர் சொல்ல வந்தது உழவர் மீதான வரிச்சுமையைக் குறைக்க வேண்டும் என்பது தெரியும். கூடவே, வருவாயின் பெரும்பகுதி ஈடின்றி வெளிநாடு போகிறது என்ற உண்மையையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நோய் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே ஆண்டில் அவர் எதற்காக வைசிராயை நெருக்கினார் என்று பார்ப்போம். இந்தியாவில் இறக்குமதியாகும் பருத்தித் துணிக்கு 5 சதவீதச் சுங்கம் இருந்தது. மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் அதை எடுக்கச் சொன்னார்கள். வருவாய் போய்விடும் என்று வைசிராய் நார்த்புரூக் தயங்க, எடுத்தே தீர வேண்டும் என்று சாலிஸ்பரி விடாமல் வற்புறுத்தினார். ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் பிரதிநிதியை அமர்த்தும் விஷயத்திலும் இருவருக்கும் பிணக்கு. 1876-ல் நார்த்புரூக் விலகினார். மான்செஸ்டர் இருந்த லங்காஷயர் என்பது அப்போது எது? 1867 சட்டத்தால் புதிதாக வாக்குப் பெற்ற ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த மாவட்டம். 1868-ல் கிளாட்ஸ்டனையே தோற்கடித்த மாவட்டம். டிஸ்ரேலியின் பெரும்பான்மைக்குத் தோள் கொடுத்த மாவட்டம். எந்த வாக்குரிமையை எதிர்த்துப் பதவியைத் துறந்தாரோ, அதே வாக்குரிமை இப்போது மந்திரியின் மேசை மீது உட்கார்ந்திருந்தது.

இதற்கு மறுப்பு உண்டு. சாலிஸ்பரி தடையற்ற வணிகத்தில் நம்பிக்கை கொண்டவர், சுங்க ஒழிப்பு அவருடைய கொள்கை, வாக்குக் கணக்கு அல்ல என்று சொல்லலாம். கொள்கை அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உழவரின் சுமையைக் குறைப்பதும் அவரது கொள்கைதான், அதை எழுதியும் வைத்தார். ஒன்று வைசிராயே விலகும் அளவுக்கு வற்புறுத்தப்பட்டது; மற்றது கோப்பில் தங்கியது. கொள்கை இரண்டிலும் இருக்க, வேகம் ஒன்றில் மட்டும் இருந்தது என்றால், வேகத்துக்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். 1876-ல் சிவில் சர்வீஸ் தேர்வுக்கான உச்ச வயதை 21-லிருந்து 19 ஆகக் குறைத்தார். கடல் கடந்து லண்டனில் தேர்வு எழுத வேண்டிய இந்திய இளைஞருக்கு வாசல் ஏறக்குறைய அடைபட்டது. எதிர்ப்புத் திரட்டிய சுரேந்திரநாத் பானர்ஜி வட இந்தியாவிலும் பிறகு பம்பாய், சென்னைப் பக்கங்களிலும் பயணம் செய்தார். இந்தியா முழுவதற்குமான அரசியல் கிளர்ச்சி என்று சொல்லத்தக்க முதல் முயற்சிகளில் ஒன்று இது. விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பதாரர்களுக்கு வாக்கில்லை, விதி மாறவில்லை.

தமிழகம் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் பேரழிவு அந்த ஆண்டே தொடங்கியது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் என்று தென்னிந்தியா முழுவதும் பரவி, இரண்டு ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அரசே தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். வைசிராய் லிட்டன் கண்டித்தார். 1877 ஜனவரியில் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் முடிந்த கையோடு, சிக்கனத்தை நிலைநாட்டச் சென்னைக்கு ஓர் அதிகாரி அனுப்பப்பட்டார். அவர் வேறு யாருமல்ல, பீகாரில் தாராளமாகச் செலவிட்டுப் பழி கேட்ட அதே ரிச்சர்டு டெம்பிள். பாடம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்றார். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டும் உடம்புக்கு இது ஆகாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் புள்ளிவிவரத்தோடு போராடினார். பிறகுதான் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் இந்தியா மந்திரி எங்கே இருந்தார்? கான்ஸ்டான்டிநோபிள் மாநாட்டில், துருக்கி சுல்தானின் ஆட்சியில் துன்புற்ற பல்கேரியக் கிறிஸ்தவர்களுக்கு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பரிவு அங்கேயும் உண்மையானதுதான். பல்கேரியக் கொடுமைகளைப் பற்றி அந்த ஆண்டு இங்கிலாந்து முழுவதும் பொதுக்கூட்டங்கள் நடந்தன என்பதும் உண்மை.

பஞ்சத்தின் பழியை லிட்டன் மீது போடுவது வழக்கம். அவர் அதற்கு முழுத் தகுதியும் உள்ளவர். ஆறாயிரம் மைல் தொலைவில் இருந்த மந்திரி என்ன செய்ய முடியும் என்பது சாலிஸ்பரியின் ஆதரவாளர்கள் கேட்கும் கேள்வி. 1866-க்கு அது ஓரளவு பொருந்தும். 1877-க்குப் பொருந்தாது. 1870 முதல் கடலடித் தந்தி பம்பாயை லண்டனோடு இணைத்திருந்தது. ஆணை போக மாதங்கள் ஆகவில்லை. பருத்திச் சுங்க விஷயத்தில் ஒரு வைசிராயைப் பதவி விலகும் நிலைவரை தள்ளிய மந்திரிக்கு, கூலி விஷயத்தில் இன்னொருவரைத் திருத்தும் அதிகாரம் இல்லை என்பது நம்பும்படி இல்லை. 1867-ல் தாம் தீட்டிய குற்றப்பத்திரிகையின் ஒவ்வொரு வரியும், பாடநூல் பொருளாதாரம் முதல் பணமா உயிரா என்ற கணக்குவரை, இப்போது தமது சொந்த நிர்வாகத்துக்குப் பொருந்தியதை அவரைவிட நன்றாக அறியக்கூடியவர் எவருமில்லை. பஞ்சத்தின் சூடு ஆறும் முன்பே சென்னை மாகாணத்தில் உப்பு வரி உயர்த்தப்பட்டது. சோகை பிடித்த இடத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று எழுதி மூன்றாண்டு ஆகியிருக்கவில்லை. 1878 ஏப்ரலில் அவர் வெளியுறவு மந்திரியாகி, பெர்லின் மாநாட்டுக்கும் பெரும் புகழுக்கும் போய்ச் சேர்ந்தார்.

உள்நாட்டில் நடந்தது வேறு கதை. 1884-ல் கிளாட்ஸ்டன் கிராமத் தொழிலாளருக்கும் வாக்குரிமை அளிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். சாலிஸ்பரி பிரபுக்கள் சபையில் தடுத்தார். ஆனால் 1867-ன் சாலிஸ்பரி அல்ல இவர். வெள்ளத்தைத் தடுக்க முடியாது, வாய்க்காலை வெட்டலாம் என்று கண்டுகொண்டவர். நவம்பரில் ஆர்லிங்டன் தெருவில் உள்ள அவருடைய வீட்டில், ஆளும் லிபரல் கட்சித் தலைவர்களோடு தேநீர் குடித்தபடி, நாட்டின் தொகுதி வரைபடம் பேரம் பேசப்பட்டது. பெரும்பாலான தொகுதிகள் ஓர் உறுப்பினர் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. நகரின் நடுத்தர வர்க்கப் புறநகர்கள் தனித்தொகுதிகளாகி, தோட்டத்து வீடுகளின் கன்சர்வேடிவ் வாக்குகள் ஆலைத் தெருக்களின் வாக்குகளில் கரையாமல் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வந்தன: தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி 1883-ல் அவரே எழுதிய கட்டுரையின் தொடர்ச்சியாக விசாரணைக் குழு, 1885-ல் சட்டம், 1888-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டக் கவுன்சில்கள், 1891-ல் கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி. குடியிருப்புக் கட்டுரைக்காகச் சோஷலிசம் என்ற குற்றச்சாட்டுகூட அவர் மீது எழுந்தது. பெரும்பான்மைக்கு வாக்குக் கொடுத்தால் கொள்ளை நடக்கும் என்று ஆரூடம் சொன்னவர், அந்தப் பெரும்பான்மையின் வாக்கில் 1895-ல் 150-க்கும் மேற்பட்ட இடங்கள் முன்னிலையோடு அரியணைக்கு அருகே உட்கார்ந்தார். கொள்ளை நடக்கவில்லை. ஏழைக் குழந்தைக்குப் பள்ளிச் சம்பளம் ரத்தானது, அவ்வளவுதான்.

என் வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று அயர்லாந்து. அங்கே வாக்கு இருந்தது. 1885 தேர்தலில் ஐரிஷ் தேசியவாதத் தலைவர் பார்னலின் கட்சி 86 இடங்களைப் பிடித்தது. ஆனாலும் சாலிஸ்பரி சுயாட்சி தரவில்லை. ஹாட்டன்டாட் மக்களுக்குச் சுயாட்சி தருவோமா என்று கேட்கும் தொனியில் பேசினார். இருபது ஆண்டு உறுதியான ஆட்சியே மருந்து என்றார். 1887-ல் சகோதரியின் மகன் பால்ஃபரை அயர்லாந்து மந்திரியாக்கி நிரந்தர அடக்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார். வாக்கு எல்லாக் கதவையும் திறக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேதிகளைப் பாருங்கள். 1885 கோடையில் அவர் சிறுபான்மை அரசு அமைத்தபோது பார்னலின் தயவு தேவைப்பட்டது. அப்போது பழைய அடக்குமுறைச் சட்டம் புதுப்பிக்கப்படவில்லை, குடியானவர் நிலம் வாங்க 50 லட்சம் பவுண்டு கடன் ஒதுக்கும் ஆஷ்பர்ன் சட்டம் வந்தது. தயவு தேவையில்லாமல் போனதும் 1887 வந்தது. அப்போதும் நிலத்தின் பக்கம் சலுகைகள் நின்றுவிடவில்லை. வாக்கு இறையாண்மையைப் பெற்றுத் தரவில்லை. நிலத்தைப் பெற்றுத் தந்தது. தென்னிந்திய உழவருக்கு இரண்டுமில்லை.

ஆப்பிரிக்காவை என்ன செய்வது என்றும் கேட்கலாம். அங்கே வாக்காளர் எவருமில்லை, ஆனால் சாலிஸ்பரி சும்மா இருக்கவில்லை. 1890-ல் ஹெலிகோலாந்து தீவைக் கொடுத்து சான்சிபார் மீதான உரிமையை ஜெர்மனி ஏற்கச் செய்தார், 1898-ல் சூடானின் ஃபஷோடாவில் பிரான்ஸைப் பின்வாங்க வைத்தார். ஐரோப்பியர்கள் தாங்களே பார்த்திராத மலைகளையும் நதிகளையும் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்வதாக அவரே கேலியும் செய்தார். இங்கே என் வாதத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டும். அவர் அசைந்தது, தனக்குத் தீங்கு செய்யும் வலிமை எவருக்கு இருந்ததோ அவருக்காக. உள்நாட்டில் அந்த வலிமையின் பெயர் வாக்கு, ஐரோப்பாவில் கடற்படை. பிரிட்டிஷ் கொள்கை ஆற்றின் போக்கில் சோம்பலாக மிதந்து, மோதல் வரும்போது மட்டும் துரட்டுக்கோலை நீட்டுவது என்று 1877-ல் லிட்டனுக்கே எழுதினார். அழகான உவமைதான். எழுதிய மாதம் மார்ச். பெற்றவரின் ஆளுகையில் சென்னை மாகாணத்துக் கஞ்சித் தொட்டிகளில் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. மிதப்பவர்களுக்கு முட்டும் படகு தெரியும். முட்டாமல் மூழ்குபவர்கள் தெரிவதில்லை.

1888 நவம்பரில் எடின்பரோவில் பேசும்போது, கருப்பு மனிதர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பிரிட்டிஷ் தொகுதி எதுவும் இன்னும் வந்துவிட்டதாகத் தான் நினைக்கவில்லை என்றார். 1886-ல் ஹோல்பர்னில் தோற்ற நௌரோஜியைத்தான் குறிப்பிட்டார். அதுவரை லண்டனில் சிலரே அறிந்திருந்த பார்சிப் பெரியவர் ஒரே வாரத்தில் நாடறிந்தவரானார். லிபரல்கள் அவருக்கு விருந்து வைத்தார்கள். 1892-ல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதி அவரை ஒற்றை இலக்க வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. அதே தேர்தலில் சாலிஸ்பரி ஆட்சியை இழந்தார். 1895-ல் சாலிஸ்பரியின் அலை திரும்ப வந்து நௌரோஜியை அடித்துச் சென்றது. ஆனால் அந்த அலையிலேயே பாவ்நகரி என்ற இன்னொரு பார்சி, கன்சர்வேடிவ் உறுப்பினராகவே, லண்டனின் ஏழைத் தொகுதி ஒன்றிலிருந்து சபைக்கு வந்தார். பிரதமர் சந்தேகித்த வாக்காளர்கள் பிரதமரைவிட முன்னே போயிருந்தார்கள்.

அந்தக் கடைசி ஆட்சியில் இந்தியா மேலும் இரண்டு பெரும் பஞ்சங்களைக் கண்டது, 1896-97, 1899-1900. இம்முறை பஞ்ச விதிகள் நூலாக அச்சிட்டு இருந்தன, தாது வருஷத்தின் விளைவு அவை. ஆனால் 1900-ல் பிரிட்டிஷ் கருவூலத்திலிருந்து நிதி கேட்டு நாடாளுமன்றத்தில் எழுந்த கோரிக்கையை அவரது அரசு ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்தது. அதை அங்கிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் மில்னரும் அவருடைய போர்வெறி ஆதரவாளர்களும் தயாரித்த களம் என்று தனிப்பட்ட முறையில் சாலிஸ்பரி சலித்துக்கொண்டார். ஆனாலும் 20 கோடிப் பவுண்டுக்கு மேல் செலவானது, அவரது அரசு 1900-ல் தேர்தலையும் வென்றது. 1902 ஜூலையில் ஓய்வு பெற்று மருமகன் பால்ஃபரிடம் பதவியை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹாட்ஃபீல்டில் காலமானார். அவர் இன்னும் பிரதமராக இருந்த 1901-ல், நௌரோஜி இந்திய வறுமையைப் பற்றிய தமது பெருநூலை லண்டனில் வெளியிட்டார். உழவரைக் காப்பாற்றச் சொல்லி 1875-ல் மந்திரி எழுதிய அந்தக் கத்தி உவமை, அரசாங்கத்துக்கு எதிரான சாட்சியாக அதில் அச்சாகியிருந்தது.